இன்ஜின் ஆற அரை மணி நேரம்

ஏப்ரல் 21, திங்கள்

மெக்கானிக் எட்வின் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். வண்டி எந்த இடத்தில் சூடாகிறது, எத்தனை மணிக்கு, ஏசி ஓடிக்கொண்டிருந்ததா, முள் எதுவரை ஏறியது, இதையெல்லாம் இரண்டு வாரம் குறித்துக்கொண்டு வந்தால் கோளாறைப் பிடித்துவிடுவாராம். சர்க்கரை நோயாளியைத்தான் எழுதச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். ஆபீசில் யாரும் எடுத்துக்கொள்ளாமல் கிடந்த டைரி ஒன்று இதற்காவது பயன்படட்டும்.

காலை 9.10. வளசரவாக்கம், மெட்ரோ வேலை நடக்கும் இடம். ஏசி ஓடியது. முள் முக்கால்வாசி. கூட்டம் நகர்ந்ததும் தானாக இறங்கியது.

மாலை 6.40. கோடம்பாக்கம் மேம்பாலத்துக்கு முன்னால். முக்கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே.

வண்டியில் இருந்தவர்கள்: நான், அர்த்தநாரி சார். இதை எட்வின் கேட்கவில்லை.

ஏப்ரல் 23, புதன்

காலை 9.15. அதே வளசரவாக்கம். அதே முக்கால்.

அர்த்தநாரி சார் எங்கள் ஆபீசில் திட்டப் பிரிவு. போரூரில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். போன மாதம் மெட்ரோ பள்ளத்தில் ஸ்கூட்டரோடு சரிந்து முழங்காலில் அடி. மூன்று மாதம் இரு சக்கர வண்டி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நலம் விசாரிக்கப் போன இடத்தில், நானும் அந்த வழியாகத்தான் தேனாம்பேட்டை வருகிறேன் என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். மறுநாள் காலை எட்டரைக்குத் தெருமுனையில் டிபன் பையோடு நின்றிருந்தார். நல்லவேளை, அன்று தற்செயலாக நல்ல புடவை கட்டியிருந்தேன்.

அவர் ஈரோட்டுக்காரர். பேச்சில் வரிக்கு இரண்டு ‘ங்க’ இருக்கும். முதலில் எனக்கென்று தனியாக ஏதோ மரியாதை தருகிறார் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் கேன்டீன் பூனையிடமும் “நகருங்க” என்கிறார்.

ஏப்ரல் 25, வெள்ளி

இன்று முள் சிவப்புக்குப் போய்விட்டது. வடபழனி தாண்டுவதற்குள் பானட் ஓரத்தில் புகை. சார் பதறாமல் முதலில் ஏசியை அணைக்கச் சொன்னார். அடுத்து ஹீட்டரை முழு வேகத்தில் போடச் சொன்னார். சித்திரை வெயிலில், சென்னையில், ஹீட்டர். இந்தக் காரில் ஹீட்டர் என்று ஒன்று இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

இன்ஜின் சூட்டை இழுத்து நம் மேல் விட்டால் அதற்குப் பாரம் குறையும் என்று விளக்கினார். அவர் வீட்டில் ஒரு காலத்தில் போர்வெல் லாரி வைத்திருந்தார்களாம். நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, அடுப்புக்குள் உட்கார்ந்தது போல இரண்டு பேரும் ஊர்ந்தோம். பக்கத்து ஆட்டோக்காரர் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நிழல் இருந்தது. அங்கே ஓரம் கட்டி, அணைத்து, பானட்டைத் திறந்து வைத்தோம்.

“மூடியத் தொட்டுறாதீங்க மேடம். அரை மணி நேரம் ஆறட்டுங்க” என்றார்.

அரை மணி நேரம் மண்டபத்துப் படியில் உட்கார்ந்திருந்தோம். அவருடைய கறிவேப்பிலைப் பொடி இட்லியில் இரண்டு எனக்கு வந்தது. அவரே செய்ததாம். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகள் கவின்மொழி ஈரோட்டில் அத்தை வீட்டில் இருந்து இன்ஜினியரிங் படிக்கிறாள். எனக்கு நாற்பத்தேழு வயது, கல்யாணம் நடக்கவில்லை, அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை என்று நானும் சொன்னேன். யாரிடமும் இப்படி வலியப் போய்ச் சொன்னதில்லை.

ஆபீசுக்கு முக்கால் மணி தாமதம். இருபத்து மூன்று வருட சர்வீசில் முதல் தடவை.

மே 2, வெள்ளி

காலை 9.20. சிவப்பு. மண்டபத்து வாசல். அரை மணி.

மே 5, திங்கள்

கத்திரி தொடங்கிவிட்டது. சிவப்பு. மண்டபத்து வாசல். நாற்பது நிமிடம். இப்போதெல்லாம் சார் இரண்டு தண்ணீர்க் கேன் கொண்டுவருகிறார். குழாய்த் தண்ணீர் உப்பு, ரேடியேட்டருக்கு ஆகாது என்று குடிக்கிற தண்ணீராகப் பிடித்து வருகிறார்.

மே 6, செவ்வாய்

இது வண்டிக் குறிப்பு இல்லை.

நான் பணியமைப்புப் பிரிவில் கண்காணிப்பாளர். யாரை எந்த ஊருக்கு மாற்றலாம் என்று குறிப்பு எழுதி மேலே அனுப்புவது என் வேலை. இன்று மாறுதல் கேட்டவர்களின் பட்டியல் வந்தது. ஈரோட்டில் இந்த மாதக் கடைசியில் ஒருவர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு முதல் பெயர் அர்த்தநாரி. இரண்டு வருடத்துக்கு முன் கொடுத்த விண்ணப்பம். ‘ஒரே மகளின் கல்லூரிப் படிப்பை முன்னிட்டு’ என்று காரணம் எழுதியிருக்கிறார். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது.

கோப்பு என் மேஜையில் இருக்கிறது. அவசரம் ஒன்றும் இல்லை.

மே 7, புதன்

மதியம் அவரே என் மேஜைக்கு வந்தார். “மேடம், அந்த மாறுதல் விசயமா ஒரு வார்த்தை…” என்று தொடங்கினார்.

“பரிசீலனையில் இருக்கு சார்” என்றேன்.

யார் வந்து கேட்டாலும் நான் சொல்கிற வாக்கியம் அது. அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். அவரும் சட்டைப் பையில் வைத்த கையை எடுத்துவிட்டு, “சரிங்க” என்று போய்விட்டார். ஊருக்குப் போக அவ்வளவு அவசரம் போல.

மாலை வண்டியில் ஏறியதும் நான் முந்திக்கொண்டேன். நாள் முழுக்கக் கட்டி அழுகிறோம், வண்டியிலாவது ஆபீஸ் பேச்சு வேண்டாமே என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒத்துக்கொண்டார். அதன் பிறகு வீடு வரைக்கும் வாழைக்காய் வறுவலைப் பற்றிப் பேசினோம்.

மே 9, வெள்ளி

டைரியை எட்வினிடம் காட்டவில்லை. குறிப்புகளைத் தனித்தாளில் நகலெடுத்துக் கொடுத்தேன். படித்த உடனே சொல்லிவிட்டார்.

“வண்டி ஓடுறப்போ காத்துலயே ஆறிடுது மேடம். நின்னா ஃபேன்தான் ஆத்தணும். அந்த மோட்டார் பூட்ச்சு. நாளைக்கு வுட்டுட்டுப் போங்க, அரை நாள் வேலை. இப்டியே ஓட்னீங்கன்னா ஒரு நாள் ஹெட்டு கேஸ்கட் போவும், அப்பறம் இன்ஜினையே பிரிக்கணும்.”

நாளை சனிக்கிழமைதான். கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே 10, சனி

எட்வினிடம் போகவில்லை. திரைச்சீலைகளைத் துவைக்க வேண்டியிருந்தது.

மே 14, புதன்

கை எரிகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

இன்று மண்டபத்து வாசலில் நிறுத்திப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சார் கேனை எடுக்க டிக்கிப் பக்கம் போயிருந்தார். எல்லாம் தெரிந்தவள் மாதிரி கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன். மூடி லேசாக அசைந்ததும் ஆவி சீறிக்கொண்டு வந்தது. பின்னாலிருந்து ஒரு குரல்.

“தொடாத. கைய எடு.”

என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கேன் தண்ணீர் முழுவதையும் விரல்கள் மேல் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே, “சொன்னாக் கேக்க மாட்டியா நீ?” என்றார்.

இரண்டு விரலில் கொப்புளம். பெரிதாக ஒன்றும் இல்லை.

தொடாத. எடு. மாட்டியா. நீ. மொத்தம் நான்கு. ஒன்றில்கூட ‘ங்க’ இல்லை. என் அம்மா போன பிறகு என்னை ஒருமையில் கூப்பிட யாரும் இல்லை. அண்ணன்கூட ஊரார் முன்னால் ‘அவங்க’ என்கிறான். உத்தியோகம் பெரிதாகப் பெரிதாக எல்லாருக்கும் நான் மேடமாகிவிட்டேன். இன்று ஒருவர் பயத்தில் என்னை ‘நீ’ என்று திட்டினார். நாள் முழுவதும் அந்த வார்த்தை காதிலேயே இருக்கிறது. எனக்கு அது வேண்டும். இதைவிட நேராக எழுத எனக்குத் தெரியவில்லை.

மே 15, வியாழன்

காலையில் வண்டியில் ஏறும்போதே மன்னிப்புக் கேட்டார். பதட்டத்தில் வாய் தவறி மரியாதை இல்லாமல் பேசிவிட்டாராம், மனசில் வைத்துக்கொள்ளக் கூடாதாம். வடபழனி வருவதற்குள் மூன்று முறை கேட்டுவிட்டார். பரவாயில்லை சார் என்று மூன்று முறையும் சொன்னேன். நான்காவது முறை கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

கொப்புளத்துக்குக் களிம்பு வாங்கிவந்திருந்தார்.

மே 19, திங்கள்

மறுபடியும் மேஜைக்கு வந்தார். இந்த முறை சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டப் போனார். நினைவூட்டல் கடிதம் என்று எனக்குத் தெரியாதா. அவர் வாயைத் திறப்பதற்குள் பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். போன் வராமலே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன்.

மாலை 6.50. சிவப்பு.

மே 21, புதன்

மண்டபத்துப் படி. கவின்மொழிக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்துவிட்டதாம், ஜூனில் சேர்கிறாள். அதைச் சொல்லிவிட்டு ஏதோ எதிர்பார்ப்பவர் மாதிரி என் முகத்தையே பார்த்தார். வாழ்த்துச் சொன்னேன். இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரோட்டிலிருந்து ஹைதராபாத்துக்கு நேரடி ரயில் இருக்கிறது, வசதிதான் என்றேன். அவர் ஷூ நாடாவைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

மே 23, வெள்ளி

மூன்றாவது முறை வந்தார். நான் இடத்தில் இல்லை என்று சொல்லச் சொன்னேன். பீரோ மறைவில் நின்றுகொண்டிருந்தேன். நாற்பத்தேழு வயதில்.

மே 28, புதன்

இன்று முகூர்த்த நாள். மண்டபத்து வாசலில் வாழை மரம், மேளம், பன்னீர்ச் செம்போடு ஒரு பெண். எங்கள் வண்டி வழக்கம்போல அங்கே போய்ப் புகைந்து நின்றது. காவலாளிக்கு எங்களை நன்றாகத் தெரியும். அவர் ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். ஆனால் வரவேற்பில் நின்ற பெரியவர் விடவில்லை. “தம்பதியா வந்துட்டு வாசல்ல நின்னா எப்படி? டிபன் முடியப் போகுது, வாங்க” என்று சாரின் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார்.

பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று பந்தியில் பக்கத்து அம்மாள் கேட்டார். நான் இலையைப் பார்த்தேன். சார் கூசாமல் மாப்பிள்ளை வீடு என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று நினைத்திருந்தேன். பொங்கலில் இருந்த முந்திரியை நான் ஒதுக்கியதைப் பார்த்து, கேட்காமலே எடுத்துக்கொண்டார். எப்போதும் இப்படித்தான் சாப்பிடுகிறோம் என்பது போல இருந்தது.

வெளியே வந்ததும் சும்மா இருக்க முடியாமல், கவின்மொழிக்கும் சீக்கிரம் பார்க்க வேண்டியதுதானே என்றேன்.

“பாக்கோணுங்க. அதெல்லாம் ஊர்ல இருந்து செய்யறவங்க செய்வாங்க. எங்கக்கா இருக்கறாங்க” என்றார்.

ஊரில் இருந்து செய்கிறவர்கள். எனக்கு உறைத்தது. ஊரில் இருக்க வேண்டியவரை நான் இங்கே பிடித்து வைத்திருக்கிறேன்.

மே 29, வியாழன்

ஈரோட்டு இடத்துக்குக் குறிப்பு போகவில்லை என்றால் அடுத்த பெயரான சேலத்துக்காரருக்குப் போய்விடும் என்று உதவியாளர் ஞாபகப்படுத்தினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் என் முகம் சுட்டது.

இருபத்து மூன்று நாள். பெண்ணின் கல்யாணத்துக்காக ஊர் போகக் காத்திருக்கும் ஒரு தகப்பனின் கோப்பை, அரை மணி நேரப் படிக்கட்டுக்காக அடியில் போட்டு வைத்திருந்தேன். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் மெமோ கொடுத்திருப்பேன். குறிப்பு எழுதினேன். ‘பரிந்துரைக்கப்படுகிறது.’ நானே எடுத்துக்கொண்டு போய் மேலதிகாரி மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

மாலை ஒரு மணி நேர அனுமதி போட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பி, வண்டியை எட்வினிடம் விட்டேன். மோட்டாரை மாற்றச் சொன்னேன். கை தட்டாத குறையாகச் சந்தோஷப்பட்டார்.

வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஜூன் 3, செவ்வாய்

உத்தரவு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை இங்கிருந்து விடுவிப்பு. தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். “ரொம்ப நன்றிங்க மேடம்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். சந்தோஷத்தில் சிலருக்கு அப்படித்தான் ஆகும்.

வண்டி இப்போது சூடாவதே இல்லை. மண்டபத்தை ஒரு நொடியில் கடந்துவிடுகிறோம்.

ஜூன் 6, வெள்ளி

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நான்கு மணிக்குப் பிரிவு உபசாரம். சால்வை, சமோசா, ஆளுக்கு இரண்டு வரிப் பேச்சு. நானும் பேசினேன். கடமை உணர்வு மிக்கவர் என்றேன். வேறு என்ன சொல்வது.

ஆறு மணிக்குக் கடைசிப் பயணம். சால்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விருகம்பாக்கத்தில் சரியான நெரிசல். முன்னால் பேருந்து, பக்கத்தில் தண்ணீர் லாரி, கால் மணி நேரமாக ஓர் அடி நகரவில்லை. முள் பாதியில் நின்றது. பாழாய்ப்போன ஃபேன் உள்ளே ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“வண்டி ரொம்ப நல்லாயிருச்சுங்க” என்றார்.

“ஆமாம் சார்.”

“ரிலீவ் ஆயிட்டனுங்களே, இப்ப ஆபீஸ் பேச்சுப் பேசலாங்களா?”

பேசுங்கள் என்றேன். சட்டைப் பையிலிருந்து அந்த மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். மடிப்பில் கிழிகிற அளவுக்குப் பழையதாகிவிட்டிருந்தது. தேதி மே 7. ‘பொருள்: மாறுதல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அனுமதி கோருதல்.’

மூன்று முறை படித்தேன். எழுத்து அதேதான். எத்தனை முறை படித்தாலும் பொருள் மாறவில்லை.

“இதைக் கொடுக்கவா மேஜைக்கு வந்தீங்க?”

“மூணு தடவை வந்தனுங்க. பாப்பா படிப்பு முடிஞ்சுது, எனக்கு அங்க என்னங்க இருக்குது. நீங்க பரிசீலனைன்னீங்க. வண்டில பேசலாம்னா வேண்டாம்னுட்டீங்க.”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. தபாலில் போட்டிருந்தால் அன்றைக்கே பதிவாகியிருக்குமே, இத்தனை வருட சர்வீசில் அதுகூடத் தெரியாதா என்று கேட்டேன்.

“தெரியுமுங்க. தபால்ல போட்டா முத்திரை குத்தி வாங்கிக்குவாங்க. உங்க கையில குடுத்தா ஏன் போகலைன்னு கேப்பீங்க. நீங்க கேக்கோணும்னுதான் வெச்சிருந்தனுங்க.”

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் விடுவிக்கப்பட்டாலும் அங்கே போய்ச் சேர அவகாசம் இருக்கிறது. அதற்குள் ரத்துக் கோரி மனுக் கொடுக்கலாம். அந்த இடத்துக்குச் சேலத்துக்காரர் காத்திருக்கிறார், அவருக்கும் நல்லதுதான். குறிப்பு எப்படி எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். இதையெல்லாம்தான் முதலில் நினைத்தேன். பிறகுதான், அவர் காத்துக்கொண்டிருப்பது மனுவுக்கு இல்லை என்பது மண்டையில் ஏறியது.

“அந்தக் கோப்பை நான் மூணு வாரம் அனுப்பாம வெச்சிருந்தேன்” என்றேன். “தெரிஞ்சே வெச்சிருந்தேன். நீங்க போயிடுவீங்கன்னு. அப்புறம் மனசு கேக்காம அனுப்பிட்டேன்.”

அவர் காது மடல் சிவந்துவிட்டது.

“ஏன் போகலை?” என்று கேட்டேன். ‘சார்’ போடவில்லை. விட்டுப்போகவில்லை, வேண்டுமென்றேதான் போடவில்லை.

அதே நேரத்தில் முன்னால் இருந்த பேருந்து நகர்ந்துவிட்டது. பின்னால் ஹாரன்கள் கத்த ஆரம்பித்தன. நான் இண்டிகேட்டர் போட்டு இடது ஓரமாக, ஒரு பழக்கடைக்கு முன்னால் நிறுத்தினேன். அணைத்தேன். இறங்கிப் போய் பானட்டைத் தூக்கி நிறுத்தினேன். அவரும் இறங்கி வந்தார். இரண்டு பேரும் சுத்தமாக, ஒரு சொட்டு ஒழுகாமல் இருந்த அந்த இன்ஜினை வேடிக்கை பார்த்தபடி நின்றோம்.

போக்குவரத்துக் காவலர் ஒருவர் விசிலை வாயிலிருந்து எடுத்தபடி வந்தார். “இன்னா பிரச்சனை? இங்க நிறுத்தக் கூடாது, எடுங்க எடுங்க” என்றார்.

“ஹீட் ஆயிருச்சுங்க சார்” என்றார் அர்த்தநாரி. “ஆறோணும். அரை மணி நேரம் ஆகுங்க.”

“அரை மணி நேரம் போதாது” என்றேன் நான்.